கை எட்டும் அகலம்

என் பயணப் பையில் அப்பாவின் பழைய இஞ்ச் டேப் ஒன்று எப்போதும் கிடக்கும். சங்கரன்கோவிலில் முப்பத்தெட்டு வருஷம் தையல் மிஷின் மிதித்தவர் அவர். யார் துணியை எடுத்து நீட்டினாலும் நிறத்தைப் பார்க்கமாட்டார், விலையைக் கேட்கமாட்டார். "பன்னா எத்தன?" என்பதுதான் முதல் கேள்வி. பன்னா என்றால் துணியின் அகலம். அது தெரியாமல் கத்திரியைக் கையில் எடுக்கமாட்டார். இந்த முறை சித்தூர், திருப்பதிப் பக்கம் எட்டு நாள் சுற்றியபோது அந்த ஒரு கேள்விதான் என்னை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனது.

ஆண்கள் போடும் சட்டைக்குக் கைத்தறித் துணி தேடி ஐந்தாறு வருஷமாக அலைகிறேன். புடவைக்குக் கிடைக்கிறது; வேட்டிக்கும் துண்டுக்கும் கிடைக்கிறது. சட்டைத்துணி என்று கேட்டால் நாலு கட்டம், ரெண்டு கோடு எடுத்துப் போடுவார்கள். அதிலும் எது கைத்தறி, எது விசைத்தறி என்று கண்டுபிடிக்கத் தனிக் கண் வேண்டும். ஒரு முறை நல்ல துணியே கிடைத்தது. வெளியூரில் தைக்கக் கொடுத்தேன். நனைக்காமல் வெட்டிவிட்டார்கள். முதல் சலவையிலேயே கை மணிக்கட்டை விட்டு ஏறிவிட்டது. அப்பா இருந்திருந்தால் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, அதற்குப் பிறகுதான் சாக்பீஸைத் தொட்டிருப்பார். வெங்கடகிரித் தறிகளில் ஒரு காலத்தில் ஜமீன்தார்களின் தலைப்பாகையும் வேட்டியும் நெய்தார்கள் என்று ஒரு நண்பர் சொன்னது மனசில் ஒட்டிக்கொண்டது. கிளம்பிவிட்டேன்.

திருத்தணி தாண்டினால் நகரி. பேருந்தின் இடப்பக்கத்து ஜன்னலில் மலை கூடவே வந்தது. அந்த மலைத்தொடரில் ஒரு முனை மூக்கைப் போல நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் மதராஸுக்கு வந்த கப்பல்காரர்கள் கடலில் இருந்தபடியே அதைப் பார்த்துக் கரையை அடையாளம் கண்டார்கள். 'நகரி மூக்கு' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஊரில் இறங்கினால் நான் ஆந்திராவுக்குள் வந்த மாதிரியே இல்லை. டீக்கடையில் தமிழ், காய்கறிக்கடையில் தமிழ். 1960 ஏப்ரல் 1 அன்று படாஸ்கர் தீர்ப்பின்படி எல்லையை மாற்றி வரைந்தபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, நகரியும் புத்தூரும் சித்தூரும் அந்தப் பக்கமே நின்றன. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இந்தத் தெருக்களில் நடக்கும்போது நெஞ்சு கொஞ்சம் கனக்கும்.

தெருவுக்குள் நுழைந்ததும் சத்தம். வீட்டுக்கு வீடு விசைத்தறி. "கைத்தறியா தம்பி? எங்கப்பா காலத்துல வந்திருக்கணும் நீங்க" என்றார் திண்ணையில் இருந்த பெரியவர். குறையாகச் சொல்லவில்லை, நாள் கிழமை சொல்வதுபோலச் சொன்னார். உள்ளே வேகமாக ஓடிக்கொண்டிருந்த தறியில் பன்னா கேட்டேன். சொன்னார். டேப்பை எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. எல்லா வீட்டிலும் ஒரே அகலம்.

திருப்பதியில் ஒரு காட்சியை நின்று பார்த்தேன். திருமலையில் கல்யாண உற்சவம் போன்ற ஆர்ஜித சேவைகளுக்குப் போகும் ஆண்கள் பாரம்பரிய உடையில்தான் வர வேண்டும். பேண்ட் சட்டையில் ஊரிலிருந்து வந்த இளைஞர்கள் கடைவாசலில் நின்று வேட்டி வாங்குகிறார்கள். ஒருவன் கட்டத் தெரியாமல் திண்டாட, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் குனிந்து கட்டிவிடுகிறார். "கொசுவத்த உள்ள திருப்பிச் சொருகணும்பா" என்று அவர் சொன்னது மதுரைத் தமிழ். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வேட்டிக்குத் தையல்காரன் தேவையில்லை. நாலு முழம், எட்டு முழம் என்று நாம் சொல்வது நீளத்தை. அகலத்துக்குப் பெயரே கிடையாது, ஏனென்றால் அதைத் தறியே முடிவு செய்துவிடுகிறது. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை, 50 அங்குலத்தை ஒட்டி. தறியிலிருந்து அறுத்த நிமிஷத்திலேயே உடை தயார்.

அதே மலைமேல் இருக்கும் சுவாமிக்கும் வேட்டி கைத்தறியில்தான் வருகிறது. தெலங்கானாவில், கிருஷ்ணைக்கும் துங்கபத்திரைக்கும் நடுவில் இருக்கும் கத்வால் ஊரிலிருந்து, அந்தச் சமஸ்தானத்துக் காலத்து வழக்கப்படி, பிரம்மோத்சவத்துக்கு இரட்டைக்கரை வேட்டி வந்து சேர்கிறது. நெய்பவர்கள் ஒரு மண்டலம் விரதம் இருக்கிறார்கள். மனிதர் கட்டும் வேட்டியைவிட அது மிக அகலம். ஒருவர் கை எட்டாது என்பதால் ஒரே தறியில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து உட்கார்கிறார்கள். சுவாமியின் வஸ்திரத்துக்கும் நெசவாளியின் கைநீளம்தான் கணக்கு என்று கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது.

திருப்பதியிலிருந்து கூடூர் போகும் ரயில்பாதையில் முதலில் காளஹஸ்தி. கலம்காரி ஊர். அதற்குத் தனிக் கட்டுரையே எழுத வேண்டும், இங்கே இரண்டு வரி. காடாத்துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் வரைகிறார்கள். வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் ஊறி நொதித்த தண்ணீர்தான் கறுப்பு மை. அது கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கண்ணெதிரே கறுக்கிறது. கழுவுவது சுவர்ணமுகி ஆற்று நீரில். 1950களில் இந்தக் கலை அழிந்துபோகும் நிலையில் இருந்தபோது கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் இங்கே பயிற்சி மையம் வந்தது. அங்கிருந்து எழுந்த ஜொன்னலகட்டா குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு கலை செத்துப் பிழைத்த ஊர் என்பதால், அங்கிருந்து வெங்கடகிரிக்கு வண்டி ஏறும்போது மனசில் நம்பிக்கை இருந்தது.

வெங்கடகிரியின் பழைய பெயர் கலிமிலி. வெலுகோட்டி வம்சத்தார் ஆண்ட ஊர். நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது, 2022இல் திருப்பதி மாவட்டம் பிறந்தபோது அதனோடு சேர்ந்தது. புடவை தெரிந்த பெண்களுக்கு இந்த ஊரைச் சொன்னாலே போதும். 100ஆம் நம்பர் பருத்தி நூலில் ஜரிகைக் கரையும், ஜாம்தானி முறையில் கையால் இட்ட புட்டாவும். அந்த நம்பருக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு சிட்டம் நூல் 840 கெஜம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நம்பர். 100ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான நூலில், 84,000 கெஜம். ஏறக்குறைய 77 கிலோமீட்டர். திருப்பதி ரயிலடியில் ஒரு முனையைக் கட்டிவிட்டு நான் வந்த ரயிலில் பிரித்துக்கொண்டே வந்திருந்தால், வெங்கடகிரியைத் தாண்டி, கூடூருக்கு முன்னால் எங்கோ போய்த் தீர்ந்திருக்கும்.

நான் போன வீட்டில் குழித்தறி. தரையோடு தரையாகப் பாவு, அதாவது நீளவாட்டு நூல், விரிந்திருக்கிறது. பெரியவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிக்கிறார். குழி எதற்கு என்றால் மண்ணின் ஈரத்துக்கு. வறண்ட காற்றில் மெல்லிய நூல் அறுந்துகொண்டே இருக்கும். குழியிலிருந்து எழும் குளிர்ச்சி அதைக் காக்கிறது. அதே குழிதான் ஐப்பசி, கார்த்திகையில் எதிரி. மழைத் தண்ணீர் ஊறி நிறைந்துவிட்டால் வேலை நிற்கும், கூலியும் நிற்கும்.

பெரியவர் இளமையில் காஞ்சிபுரத்தில் கொஞ்ச நாள் இருந்தவர். தமிழ் சரளமாக வந்தது. "ரா நாயனா, உக்காரு" என்று இரண்டு மொழியையும் சேர்த்துக் கூப்பிட்டார். பாவு என்று நான் சொன்னால் அவர் படுகு என்றார். குறுக்கு நூலான ஊடைக்கு அவர் சொன்னது பேக்க. மிதியைக் காட்டினேன், குழியைக் காட்டினேன், அவற்றுக்கு வேறு வேறு சொல் வந்தது. நெசவுச் சீப்பைத் தொட்டதும் இருவரும் ஒரே நேரத்தில் "அச்சு" என்றோம். குறுக்கே ஓடும் கட்டையைத் தொட்டேன். நான் நாடா என்றேன், அவர் நாடெ என்றார். அவருடைய மனைவி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார், எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு நூலை விடாமல் சுற்றினார். எல்லையை எந்தத் தீர்ப்பு எங்கே வரைந்தாலும் அச்சுக்கும் நாடாவுக்கும் அது தெரியாது.

புட்டா போடும்போது அருகே குனிந்து பார்த்தேன். ஒரு மாம்பிஞ்சு அளவுதான் புட்டா. அந்த இடத்துக்கு மட்டும் ஒரு குட்டித் தாரில் தனி நூல். பாவு இழைகளுக்கு நடுவே விரலால் நுழைத்து, வாங்கி, அடுத்த இழையில் விட்டுவிடுகிறார். பிறகு ஊடை ஓடுகிறது, அச்சு ஒரு தட்டு தட்டுகிறது. மறுபடி குட்டித் தார். ஒரு வரிசையில் பத்து புட்டா என்றால் பத்துக் குட்டித் தார். பின்பக்கம் திருப்பிக் காட்டினார்: ஓர் இழை தொங்கவில்லை. இந்தப் பக்கம் எது, அந்தப் பக்கம் எது என்று சட்டென்று சொல்ல முடியாது. எனக்கு இரண்டு கண் போதவில்லை.

"ஆம்பிளைங்களுக்கு என்ன நெய்றீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "என் தாத்தா கண்டுவா நெய்வாரு, பஞ்செ நெய்வாரு, ஜமீனுக்குத் தலப்பா நெய்வாரு. எனக்குச் சேலைதான்" என்றார். கண்டுவா என்றால் அங்கவஸ்திரம். "சட்டைக்கு?" என்றேன். பதில் சொல்லாமல் உள்பக்கம் பார்த்து யாரையோ கூப்பிட்டார். பேரன் வந்தான். ஊரிலேயே இருக்கும் நெசவுத் தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளமா படிக்கிறான். சேலத்தில் நமக்கு இருப்பதைப் போன்ற கல்லூரி அது. 1992இல் தொடங்கியது, கைத்தறியாளர்களுக்காகச் சட்டமன்றத்திலும் மாநிலங்களவையிலும் குரல் கொடுத்த பிரகட கோட்டய்யாவின் பெயரைத் தாங்கியது.

"ரா அன்னா" என்று அவன் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனான். அங்கே ஜன்னலோரம் ஒரு குட்டித் தறி நின்றது. மரச்சட்டம்தான். ஒரு ஆள் தூக்கி நகர்த்திவிடலாம் போல. அதில் சாம்பல் நிறப் பாவு, நீல ஊடை. சேலை இல்லை, வேட்டி இல்லை. சட்டைத்துணி. நான் பையைத் திறந்து டேப்பை எடுத்தேன். பன்னா சரியாக 20 அங்குலம்.

அங்கேதான் அப்பாவின் நினைப்பு வந்தது. 36 அங்குலப் பன்னா என்றால் முழுக்கைச் சட்டைக்கு இரண்டே கால் மீட்டர், ஆள் வாட்டசாட்டமென்றால் இரண்டரை. 58 என்றால் அதைவிட நன்றாகக் குறையும். 20 அங்குலத்தில் எப்படி? நாற்பது அங்குல மார்புக்குச் சட்டையின் பின்பக்கமே 22, 23 அங்குலம் வேண்டும். "பின்னால் நடுவில் தையல் போடுவாயா?" என்று கேட்டேன். பையன் இல்லை என்று தலையை ஆட்டினான். மாட்டிவைத்திருந்த ஒரு சட்டையை எடுத்து வந்து விரித்தான். பின்பக்கம் ஒரே துண்டு, தறியில் இருந்த முழு 20 அங்குலம். முன்பக்கம் இரண்டு துண்டு. விலாவில் அக்குளிலிருந்து கீழ்வரை இறங்கும் ஒரு பட்டைத் துண்டு, இருபுறமும். அக்குளில் சதுரமாக ஒரு சின்னத் துண்டு.

நான் அந்தச் சட்டையைக் கையில் வாங்கியதும் சொல்லிவிட்டேன்: "இது ஜிப்பாடா!" எங்கள் அப்பா பெரியவர்களுக்கு ஜிப்பா வெட்டுவது இப்படித்தான். நடுத்துண்டு நேராக, விலாவில் சாய்துண்டு, அக்குளில் சவுக்கம். சின்ன வயசில் அது அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அலங்காரம் இல்லை. நம் நாட்டில் துணியின் அகலம் நெசவாளியின் கைக்குள் அடங்கியது. வலக்கையால் நாடாவை எறிந்து இடக்கையால் பிடிக்க வேண்டும். எட்டும் தூரம்தான் பன்னா. 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே கயிறு இழுத்து ஓட்டும் நாடாவைக் கண்டுபிடித்த பிறகுதான் ஒற்றை ஆள் அகலத் துணி நெய்ய வழி பிறந்தது. குறுகிய துணியை வீணாக்காமல் எப்படி மனித உடம்பைச் சுற்றுவது என்று நம் பழைய தையல்காரர்கள் கண்ட வழிதான் ஜிப்பாவின் பட்டைத் துண்டு. அந்த அறிவு இந்தப் பையனின் புதுச் சட்டையில் திரும்பி வந்திருக்கிறது. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 20 அங்குலத் தறியே சொல்லித் தந்திருக்கிறது.

இன்னொன்றையும் காட்டினான். சட்டையின் முன்பட்டியில், பித்தான் வைக்கும் ஓரத்தில், மடிப்பே இல்லை. தறியின் கரை அப்படியே நிற்கிறது. பிசிறு வராத ஓரத்தை எதற்கு மடித்துத் தைக்க வேண்டும்? அந்தக் கரையில் மட்டும் சாம்பலுக்குப் பதிலாக நாலு இழை அரக்குச் சிவப்பு. பித்தான் வரிசைக்குப் பக்கத்தில் மெல்லிதாக ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது. தாத்தாவுடைய தாத்தா நெய்த கண்டுவாக் கரையின் நினைவு அது என்று எனக்குப் பட்டது.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அங்குலத்துக்கு 72 இழை வீதம் 20 அங்குலத்துக்குப் பாவில் 1,440 இழை. ஒவ்வொன்றையும், இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் கையால் கோக்க வேண்டும். ஒரு சட்டைக்கு நாலரை மீட்டர் துணி. அங்குலத்துக்கு 64 ஊடை. அப்படியென்றால் நாடா 11,000 தடவைக்கு மேல் குறுக்கே ஓடினால்தான் ஒரு சட்டை. "எத்தனை நாள்?" என்றேன். கல்லூரி போக மிச்ச நேரத்தில் மூன்று நாள் என்றான். முழு நேரம் உட்கார்ந்தால் ஒன்றரை நாள்.

இந்தக் குறுகல் பன்னாவையும் வீட்டுத் தறியையும் குறை என்று சொல்லி ஒதுக்குபவர்களுக்கு இரண்டு ஊரைக் காட்டுவேன். ஜப்பானில் கிமோனோத் துணி இன்றைக்கும் ஏறக்குறைய 14, 15 அங்குல அகலம்தான். 12 மீட்டர் அளவில் ஒரு சுருள். அதில் துண்டு வீணாகாமல் ஓர் ஆளுக்கு உடை. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணி நெய்கிறார்கள், ஆண்களின் கோட்டுக்குப் பேர் போனது. அந்தத் தீவுக்காரர் தம் வீட்டில் வைத்து நெய்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம் என்று 1993இல் தனிச் சட்டமே வந்துவிட்டது.

நம்மிடமும் அப்படி ஒரு காலம் இருந்தது. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வியாபாரி, அப்போது கைத்தறி ஏற்றுமதி செய்துகொண்டிருந்த கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை வாங்கினார். பிறகு லீலா ஓட்டல்களை நிறுவிய அதே நாயர்தான். குளிர்ந்த தண்ணீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் வாங்கிய சட்டைகளும் கோட்டுகளும் சலவையில் சாயம் விட்டன. கோபத்தோடு வந்தவர்களை விளம்பரக்காரர்கள் சமாளித்த விதம் வணிகப் பாடமாகிவிட்டது: சாயம் போவதற்கே உத்தரவாதம் என்று விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுச் சட்டை ஆகிறது என்றார்கள். அமெரிக்க இளைஞர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். அந்த மாதிரித் துணியை நம் ஊரில் கைலிக்குப் போதும் என்று நாம் விட்டுவிட்டோம்.

2019-20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்தத் தொழிலில் இருந்தார்கள். நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள். பெண்கள் தார் சுற்றி, பெண்கள் நெய்து, பெரும்பாலும் பெண்களே வாங்கி உடுத்துகிறார்கள். இதில் ஆண்களுக்கு இடம் வருஷத்தில் நாலு நாள் வேட்டி கட்டும்போதுதான். மற்ற நாளெல்லாம் நாம் போடும் சட்டை ஏதோ ஓர் ஆலையில் பிறக்கிறது. மக்கள் தொகையில் பாதிப் பேர் இப்படித் தறிக்கு வெளியே நின்றால் எந்தத் தொழில் நிலைக்கும்? இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன், நானும் அந்தப் பாதியில் ஒருவன்.

விடைபெறும்போது அந்தச் சாம்பல் துணியில் நாலரை மீட்டர் கேட்டேன். தறியில் இருப்பது இன்னொருவருக்கு என்றான் பையன். அடுத்த பாவு எனக்கு. கரையில் என்ன நிறம் வேண்டும் என்று கேட்டான். கடையில் என் வாழ்நாளில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அரக்குச் சிவப்பே இருக்கட்டும் என்றேன். பெரியவர் தறியில் இருந்தபடியே, "தைக்கறதுக்கு முன்னால நீள்ளலோ ஊறப்போடு நாயனா" என்றார். நீள்ளலோ என்றால் தண்ணீரில். அப்பாவின் குரலில் கேட்ட மாதிரி இருந்தது.

திருப்பதிக்குப் போகிற ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். தரிசனம் முடிந்து ஒரு நாள் மிச்சம் இருந்தால் காளஹஸ்தி வழியாக வெங்கடகிரி போய் வாருங்கள். வீட்டுக்காரிக்குச் சேலை வாங்குங்கள், அதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்குச் சட்டைத்துணி கேளுங்கள். இல்லை என்றால் நெய்து தரச் சொல்லிப் பாதிப் பணத்தை முன்னாலேயே கொடுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் உங்கள் ஊர்ப் பக்கத்துத் தறியிலேயே கேளுங்கள். 36 அங்குலப் பன்னா என்றால் இரண்டே கால் மீட்டர், 20 என்றால் நாலரை. முதல் நாள் ராத்திரி தண்ணீரில் ஊறப்போட மறக்க வேண்டாம்.